கரிசல் மண்ணில் ஒரு தாய்வீடு

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

நம்மவர் ஊர்கள் பெரும்பாலும் வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் அமைந்தவை. அங்கே பிறந்த நான் 1987ஆம் ஆண்டு தமிழாசிரியர் பணியேற்றுக் கோவில்பட்டிக்குச் சென்றேன். நானூறு கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்ட ஊர். ஏரிக்கரையும் சினாலயமும் கண்டு வளர்ந்த எனக்கு, நிழல் அரிதான அக்கரிசற் பரப்பு அயல்நாடாகவே தோன்றிற்று. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைவிக்கும் பூமி அது. மழையில் காலைப் பற்றிக்கொள்ளும் மண், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். நம் வழக்கம் அறிந்த வீடு ஒன்றும் அங்கே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

உடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் ஒருநாள் தம் சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். காட்டு வேலை முடிந்து திரும்பிய அவருடைய தாயார் விளக்கேற்றிய பின் சமைத்து இலை போட்டார். பொழுது சாய்ந்துவிட்டது, நான் உண்ண இயலாதென்றேன். அவ்வம்மையார் முகம் வாடிற்று. "எங்க வீட்டுல கை நனைக்கக் கூடாதா தம்பி?" என்று கேட்டார். நம் நாட்டில் அக்கேள்வியின் பொருள் யாவரும் அறிந்ததே. ஒரு வீட்டில் உண்ண மறுப்பது அவ்வீட்டாரைத் தாழ்வாக எண்ணுவதாகவே கொள்ளப்படும். உயிர்க்கு ஊறு நேராமைக்காக நான் காத்த விரதம், ஓர் உள்ளத்துக்கு ஊறு செய்துவிட்டதே என்று நாணினேன். இரவில் சிற்றுயிர்கள் உணவில் வீழ்ந்து மடியும் என அஞ்சி நாங்கள் பகலிலேயே உண்போம் என்று விளக்கினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மறுவாரம் நண்பர் வழியே செய்தி வந்தது: "பொழுது அடையறதுக்குள்ள வந்துரச் சொல்லு." சென்றேன். பருத்தி எடுக்கும் காலம் அது. அரைநாட் கூலியை விட்டுவிட்டு வந்து, வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் கம்பஞ்சோறும் பருப்புக் குழம்பும் ஆக்கியிருந்தார். குடிநீரையும் துணியில் வடிகட்டி வைத்திருந்தார். அன்றுமுதல் அவ்வீடு எனக்குத் தாய்வீடாயிற்று.

பின்னர் என் தாயார் வந்திருந்தபோது, இரு தாய்மாரையும் கழுகுமலைக்கு அழைத்துச் சென்றேன். கோவில்பட்டிக்கு மேற்கே சங்கரன்கோவில் சாலையில் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். அங்கே பாறை முகத்தில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருமேனிகள். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பார்சுவநாதரும் பாகுபலியும் உண்டு. சிங்கமும் குழந்தைகளும் உடனிருக்க நிற்கும் அம்பிகை இயக்கியைக் கண்டதும் நண்பரின் தாயார் கைகூப்பி, "இது எங்க இசக்கியம்மால்ல!" என்றார். என் தாயாரும் கைகூப்பினார். இயக்கி என்ற சொல்லே இசக்கி ஆயிற்று என்று ஆய்வாளர் பலர் கூறுவர். வகுப்பறையில் நான் சொல்லிய அச்செய்திக்கு உயிருள்ள சான்று என் கண்முன் நின்றது.

திருமேனிகளின் கீழே வட்டெழுத்தில் பொறித்த பெயர்களைக் காண்கிறோம். தமக்காக மட்டுமன்றிப் பிறர் பொருட்டும் திருமேனி செய்வித்தவர்கள் அவர்களுள் உண்டு. குரத்தியர் எனப்பட்ட பெண்பால் ஆசிரியர்களும் உண்டு. இன்றைய குமரி மாவட்டத்துச் சிதறால் மலையே அக்காலத் திருச்சாரணம். நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அத்தலத்தைச் சேர்ந்த குரத்தியரும் இங்கே திருமேனி செய்வித்துள்ளனர். துறவியர் ஊர்தி ஏறார். இக்கரிசல் வெளியை நடந்தே கடந்திருப்பர். வழியில் யாரோ ஒரு தாய் பொழுது சாயுமுன் அவர்களுக்கு உணவளித்திருப்பாள். இல்லறத்தார்க்குரிய பன்னிரு விரதங்களுள் அதிதி சம்விபாகம் ஒன்று. நாள் குறியாது வருபவர்க்குத் தன் உணவைப் பகிர்தல் அது. அதன் பொருளை நான் கற்றது நூலில். அது கடைப்பிடிக்கப்படக் கண்டது அச்சிற்றூரில்.

அவ்வம்மையார் இன்று இல்லை. எனினும் போக்குவரத்து நிற்கவில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறையில் எங்கள் ஊருக்கு வருவார்கள். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் அவர்கள் பையில் தவறாது இருக்கும். எங்கள் நிலத்து மல்லாட்டையைத் திரும்பக் கட்டிக் கொடுப்போம். அவர்கள் கடலை என்பதும் நாம் மல்லாட்டை என்பதும் ஒன்றே என அறிந்து பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அன்பர்களே, நம் பிள்ளைகள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் வாழ்கின்றனர். "எங்களுக்கு ஊர் எது?" என்று அவர்கள் கேட்கின்றனர். யார் வீட்டுக்கு நாம் போகிறோமோ, யார் நம் வீட்டுக்கு வருகிறார்களோ, அதுவே ஊர் என்பது என் விடை. ஆண்டுக்கொரு முறையேனும் பிள்ளைகளைக் கழுகுமலைக்கு அழைத்துச் செல்லுங்கள். திருமேனிகளைப் படம் எடுத்துக்கொண்டு உடனே திரும்பிவிடாமல், அம்மண்ணின் மக்களோடு ஒரு பகல் இருந்து, அவர்கள் தருவதை உண்டு, அவர்களையும் நம் வீட்டுக்கு அழையுங்கள். நம் விரதத்தைப் பணிவோடு எடுத்துரைத்தால் அவர்கள் மதிப்பார்கள்; நான் கண்ட உண்மை இது.