இரண்டு சபாபதிகள்
(கழக்கூட்டத்தில் நடந்த குடும்ப சங்கமத்தில் ஆற்றிய உரை)



பழைய சினிமா பற்றி ஐந்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். 1933-ல் இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி ராஜாவைக் கேலி செய்து ஒரு படம் வந்தது. ராஜாவாக நடித்த சார்லஸ் லாட்டனுக்கு ஆஸ்கர் பரிசு கிடைத்தது. பெரிய மனிதர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கும் ஒரு படம் உண்டு. அதுதான் 1941 டிசம்பரில் வெளியான 'சபாபதி'.

பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம்; ஏ.வி. மெய்யப்பனும் ஏ.டி. கிருஷ்ணசாமியும் டைரக்ட் செய்தார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளையாக டி.ஆர். ராமச்சந்திரன், வேலைக்காரனாக காளி என். ரத்னம். இருவர் பெயரும் சபாபதி! நான் சயன்ஸ் படித்தவன். எனக்கு ஐசோடோப் ஞாபகம் வந்தது. அணு எண் ஒன்று, எடை வேறு. வேலைக்காரன் சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொள்வான், சிரிப்போம். எஜமானோ பரீட்சையில் தோற்றவர். படித்த மனைவி சொல்லிக் கொடுத்துத்தான் கரையேறுகிறார். யோசித்தால், எடையிலும் அதிக வித்தியாசமில்லை. சம்பந்த முதலியார் நீதிபதியாக இருந்தவர்; தீர்ப்பைச் சிரிப்பாகவே எழுதிவிட்டார்.

இப்போது என் கதை. நான் ஆபீசராக இருந்தபோது, என் பெயரிலேயே ஒரு பியூன் இருந்தார். என்னைவிட இரண்டு வயது பெரியவர். யாராவது அவர் பெயரைச் சொல்லி அதட்டினால் எனக்குக் கூச்சமாக இருக்கும். "இவரை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அன்று முதல் ரிடையர் ஆகும்வரை, 14 வருஷம், அந்த மனிதர் ஆபீசில் 'குட்டன்'. அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன மாதம் பேரனோடு உட்கார்ந்து 'சபாபதி' பார்த்தேன். பேரன் கேட்டான்: "தாத்தா, ஒரே பேரா இருக்கே, அந்த முதலாளிக்குக் கோபமே வரலையா?" எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் நம்பர் தேடிப் பிடித்து போன் செய்தேன். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி அழைத்தேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "யாரு, சாரா?" என்று மலையாளத்தில் கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். "அதொக்கெப் பழைய காரியமல்லே சார்" என்று சிரித்தார். அவர் மறக்கவில்லை என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

படத்தைக் குடும்பத்தோடு பாருங்கள். நன்றாகச் சிரிக்கலாம். பக்கத்தில் பேரக்குழந்தை இருந்தால் இன்னும் நல்லது.