அவசரப்படாத கைகள் வேண்டும்



தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்க்காதவர் இந்த மண்டபத்தில் இருக்க மாட்டார். ஆனால், கருவறையைச் சுற்றியுள்ள இருட்டுச் சுற்றுப்பாதையைப் பற்றிக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்? 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி என்ற பேராசிரியர் அங்கே நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் இன்னொரு ஓவியம் இருப்பதைக் கண்டார். அது சோழர் காலத்து ஓவியம்!

இதைக் கேட்டதும் நமக்கு என்ன தோன்றும்? மேலே இருப்பதைச் சுரண்டி எறி என்றுதானே? இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் பிற்பாடு அங்கே வேலை செய்தபோது அப்படி எறியவில்லை. நாயக்கர் ஓவியத்தைச் சுண்ணாம்புப் பூச்சோடு பெயர்த்து, கண்ணாடியிழைப் பலகையில் பதித்தார்கள். சோழனும் பிழைத்தான், நாயக்கரும் பிழைத்தார். பிற்காலத்தது என்பதற்காக எதையும் மட்டமாக எண்ணாத அந்த மனம்தான் பழம்பொருள்களைப் பாதுகாக்கும் இந்தத் தொழிலுக்கு முதல் தகுதி. பட்டமெல்லாம் அப்புறம்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இலேயே இதற்கென ஓர் ஆய்வகம் தொடங்கினார்கள். அங்கே வேலை பார்த்தவர் எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர். அவர் எதிர்கொண்ட சிக்கல் ஒன்றைச் சொல்கிறேன். மண்ணில் புதைந்து கிடந்த செப்புத் திருமேனிக்குள் உப்பு ஏறியிருக்கும். காற்றில் ஈரம் கூடினால் தோளிலும் விரலிடுக்கிலும் வெளிர்பச்சைப் பொடி பூக்கும். தொட்டால் மாவாக உதிரும். துடைத்துவிட்டோம், தீர்ந்தது என்று நினைப்போம். தீராது ஐயா! உள்ளே அந்தக் குளோரைடு உப்பு இருக்கும்வரை மறுபடி பூக்கும். உலோகத்தையே குழி குழியாக அரிக்கும். சிலையைக் காரக் கரைசலில் இறக்கி, மின்சாரம் செலுத்தி அந்த உப்பை வெளியேற்றும் முறையைப் பரமசிவன் கையாண்டார். இன்று அதையும் எல்லாச் சிலைக்கும் செய்வதில்லை. அந்த உப்போடு சேர்ந்து, காலம் படியவைத்த மேல்தோலும் போய்விடும் என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கமும் ஒரு படிப்புத்தான்.

வேதியியல் படிக்கும் பிள்ளைகளே, மருந்துக் கம்பெனி மட்டும்தான் உங்களுக்கு வழி என்று யார் சொன்னது? லக்னோவில் 1976 முதல் நடுவண் அரசின் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு ஆய்வகம் இயங்குகிறது, பயிற்சியும் தருகிறது. கை நிறையச் சம்பளம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஆளில்லாத துறை இது.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி என்று சொல்லி, கல்வெட்டின் மேல் மணலைப் பீய்ச்சவோ, ஓவியச் சுவரில் சுண்ணாம்பு அடிக்கவோ ஆள் வந்தால், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். முதலில் படம் எடுங்கள். தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை யாரையும் சுவரில் கை வைக்க விடாதீர்கள்.