எச்சம்: ஆதிச்சநல்லூர் அறிக்கைகளில் ஒரு சிறுசொல்

தாமிரபரணியின் தென்கரையில், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையை ஒட்டி, 114 ஏக்கர் பரப்பில் ஒரு மேடு கிடக்கிறது. ஊரார் அதைப் பரம்பு என்பார்கள். 1876-இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் அங்கே தோண்டினார். கிடைத்தவை ஜெர்மனிக்குப் போய்விட்டன. 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். பொன்னால் ஆன நெற்றிப்பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்புக் கருவிகள், மனித எலும்புகள் என்று அவருக்குக் கிடைத்தவற்றின் பட்டியல் 1915-இல் சென்னையில் நூலாக வந்தது. 2004-05-இல் இந்தியத் தொல்லியல் துறை 160-க்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகளை வெளிக்கொணர்ந்தது. 2020-இல் மாநிலத் தொல்லியல் துறையும், அடுத்த ஆண்டு மீண்டும் மத்தியத் துறையும் மண்வெட்டி பிடித்தன.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக அந்த மேட்டைப் பற்றி எழுதப்பட்ட அறிவியல் எழுத்தில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. பரம்பின் ஓரத்தில் வீடு கட்டி வாழும் குடும்பத்துப் பிள்ளை தன் ஊரின் பழமையை மூலத்திலேயே படிக்க விரும்பினால், அந்த ஆங்கிலத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வழியில் பிள்ளையின் காலை இடறுவது 'கொலாஜன்', 'குவார்ட்ஸ்' போன்ற பெரிய சொற்கள் அல்ல. அவற்றை அகராதியில் பார்த்துவிடலாம். இடறுவது 'டு' என்ற சிறுசொல்லும் அதன் பின்னால் வரும் வெறும் வினையும்தான். இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு எடுத்துக்கொண்ட பொருள் அதுவே.

ஆங்கில இலக்கணம் இந்த வடிவத்தை 'இன்ஃபினிடிவ்' என்கிறது. இலத்தீனிலிருந்து வந்த அந்தப் பெயருக்கு 'வரம்பு இல்லாதது' என்று பொருள். யார் செய்தார், ஒருவரா பலரா என்ற வரம்புகள் அதைக் கட்டுவதில்லை. தமிழ் இலக்கணம் இதற்கு நெருங்கிய வடிவத்தை எச்சம் என்கிறது. எஞ்சி நிற்பது, முடிக்க இன்னொரு வினையை வேண்டுவது என்று பொருள். ஒரே பொருளை ஒரு மரபு அதன் விடுதலையைப் பார்த்துப் பெயரிட்டது, இன்னொரு மரபு அதன் குறையைப் பார்த்துப் பெயரிட்டது. அறிவியல் ஆங்கிலம் படிப்பவருக்குத் தமிழ்ப் பெயர்தான் அதிகம் உதவும். 'டு' வந்த இடத்தில் நின்றுவிடாமல், அது எந்த வினையின் மேல் சாய்ந்து நிற்கிறது என்று திரும்பிப் பார்க்கும்படி அந்தப் பெயர் சொல்கிறது.

இந்தக் கரையில் இதே சிக்கலை எதிர்த் திசையிலிருந்து சந்தித்தவர் ஒருவர் உண்டு. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில், முத்துக்குளிக்கும் பரதவர்களிடையே வாழ்ந்த போர்த்துகீசிய இயேசு சபைத் துறவி அன்ரிக் அன்ரிக்கஸ், 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் தமிழுக்கு ஓர் இலக்கணத்தைப் போர்த்துகீசிய மொழியில் எழுதினார். ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம் என்று அதைச் சொல்வார்கள். கையில் இருந்தது இலத்தீன் அச்சு, காதில் விழுந்தது கடற்கரைத் தமிழ். ஒன்றை மற்றொன்றில் பொருத்தப் பாடுபட்டார். மூன்று நூற்றாண்டு கழித்து, 1841-இல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்த கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் தமிழின் வினைவடிவங்களை ஐரோப்பிய மொழிகளின் வடிவங்களோடு நிறுத்துப் பார்த்தார். அவர் கொற்கையிலும் அகழ்ந்து பார்த்தவர். மொழியையும் மண்ணையும் ஒரே ஆள் தோண்டியது இந்த வட்டாரத்தில்தான்.

தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகள் ஒன்பது சொன்னார், நன்னூலார் பன்னிரண்டு சொன்னார். அவற்றில் 'செய' என்னும் வாய்பாடு ஒன்றே இன்றைய பேச்சிலும் மூன்று வேலை செய்கிறது. காற்றடிக்கத் தோணி சாய்ந்தது: காற்று காரணம். பொழுது விடியத் தோணி புறப்பட்டது: இரண்டும் ஒரே நேரம். கரை சேரப் பாய் விரித்தார்கள்: சேர்வது நோக்கம். வடிவம் ஒன்று, உறவு மூன்று. இதைப் பிறந்தது முதல் பிசகாமல் கையாளும் பிள்ளைக்கு ஆங்கில 'டு' அந்நியமாக இருக்கத் தேவையில்லை. ஆனால் வகுப்பறையில் 'டு' என்றால் 'அதற்காக' என்று ஒற்றைப் பொருளைக் கற்றுக்கொடுத்துவிடுகிறோம். அங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

வேதியியல் பாடத்தின் பழகிய வாக்கியம் ஒன்று: 'சோடியம் ரியாக்ட்ஸ் வித் வாட்டர் டு ஃபார்ம் சோடியம் ஹைட்ராக்சைடு அண்ட் ஹைட்ரஜன்.' இதை 'உருவாக்குவதற்காக வினைபுரிகிறது' என்று பெயர்த்தால் சோடியத்துக்கு ஒரு மனமும் ஒரு திட்டமும் வந்துவிடும். இங்கே 'டு' விளைவைச் சொல்கிறது. 'சோடியம் நீருடன் வினைபுரிந்து சோடியம் ஹைட்ராக்சைடையும் ஹைட்ரஜனையும் தருகிறது' என்பதுதான் தமிழ். முதல் வினை 'செய்து' ஆகிறது, 'டு'வுக்குப் பின் வந்த வினை முற்றாகிறது. ஆங்கிலத்தில் எச்சமாக நின்றது தமிழில் முற்றாக மாறும் இந்த இடமாற்றத்தைப் பிடித்துக்கொண்டவர், அறிவியல் பாடநூலில் பாதியைப் பிடித்துக்கொண்டவர். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்பவர் யாரும் 'உப்பைத் தருவதற்காக நீர் ஆவியாகிறது' என்று சொல்வதில்லை. பாத்தியில் தண்ணீர் வற்றி உப்பு விளைகிறது.

முத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். 'லேயர்ஸ் ஆஃப் நேக்கர் பில்ட் அப் டு ஃபார்ம் எ பேர்ல்' என்பது ஒரு வாக்கியம். 'எ நியூக்ளியஸ் இஸ் இம்ப்ளாண்டட் டு ஃபார்ம் எ பேர்ல்' என்பது இன்னொன்று. இரண்டிலும் கடைசி நான்கு சொற்கள் ஒன்றே. முதலாவதில் சிப்பிக்குள் முத்துப்பூச்சு அடுக்கடுக்காகப் படிந்து முத்தாகிறது. சிப்பிக்கு முத்து செய்யும் எண்ணம் எதுவும் கிடையாது. இரண்டாவதில் முத்து உண்டாக வேண்டும் என்று மனிதர் கருவைச் சிப்பியின் உடலுக்குள் பொருத்துகிறார். மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் 1973-இல் வளர்ப்பு முத்தை எடுத்தது இந்த இரண்டாவது வாக்கியத்தின் வழியில். செயப்பாட்டு வினையாக எழுதப்பட்டதால் செய்த ஆள் வாக்கியத்தில் இல்லை, ஆனாலும் 'டு'வுக்குப் பின்னால் அவருடைய நோக்கம் நிற்கிறது. நோக்கம் உள்ளவர் யாராவது வாக்கியத்துக்குள்ளோ வெளியிலோ இருக்கிறாரா என்று கேட்டுப் பார்ப்பதுதான் சோதனை. இருந்தால் 'செய' அல்லது 'செய்வதற்கு'. இல்லாவிட்டால் 'செய்து'.

இதுவரை சொன்னது பாடநூல் அளவு. ஆய்வறிக்கைக்குள் நுழைந்தால் 'டு' இதைவிடக் கனமான பொறுப்பை ஏற்கிறது. ஒரு செய்தி எவ்வளவு உறுதி என்பதை அங்கே அதற்கு முன்னால் நிற்கும் வினை அளந்து சொல்கிறது.

'இஸ் நோன் டு' என்றால் ஐயமில்லாமல் அறியப்பட்டது. 'வாஸ் ஃபவுண்ட் டு' என்றால் இந்த ஆய்வில், இந்த மாதிரியில் கண்டது. 'இஸ் பிலீவ்டு டு' என்றால் அறிஞர் சிலர் அப்படிக் கருதுகிறார்கள், மெய்ப்பிக்கப்படவில்லை. 'அப்பியர்ஸ் டு' என்றால் சான்று அந்தப் பக்கம் சாய்கிறது, அவ்வளவே. அவசரமாகப் படிப்பவர் இந்த முன்வினையைத் தாண்டி, 'டு'வுக்குப் பின் வருவதை மட்டும் எடுத்துக்கொள்கிறார். கருத்து உண்மையாகிவிடுகிறது. நாளிதழ்த் தலைப்பிலும் மேடைப் பேச்சிலும் நடப்பது இதுதான்.

மன்னார் வளைகுடாவின் வரலாற்றிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. இலங்கைக் கடலில் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு பொய்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஹெர்ட்மன் என்ற ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஹார்னெல் என்பவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு முத்துப் பார்களை ஆராய்ந்தார். 1903 முதல் 1906 வரை அவருடைய அறிக்கை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. சிப்பிக்குள் புகும் நாடாப்புழுவின் இளம்புழுவைச் சுற்றியே நல்ல முத்து உருவாகிறது என்பது அவர்கள் கொண்ட கருத்து. பின்வந்தவர்கள் அதை மறுத்தார்கள். சிப்பியின் மேலுறைத் திசு உள்ளே பையாக அமைவதுதான் முத்துக்கு அடிப்படை என்று இன்று கொள்கிறார்கள். வளர்ப்பு முத்தில் கருவோடு திசுத்துண்டையும் சேர்த்து வைப்பதற்குக் காரணம் அதுவே. பழைய கருத்தை 'பிலீவ்டு டு' என்று படித்தவருக்கு இந்த மாற்றம் அதிர்ச்சி தராது. 'நோன் டு' என்று படித்தவர் அறிவியலே பொய் சொன்னதாக நினைப்பார்.

தொல்லியலிலும் இதே கவனம் வேண்டும் என்பதற்குச் சிவகளை நல்ல எடுத்துக்காட்டு. ஆதிச்சநல்லூருக்கு அருகில் உள்ள அந்த ஊரில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லுமி கதிரியக்கக் கார்பன் முறையில் கி.மு. 1155 என்று காலம் குறிக்கப்பட்டது. 2021 செப்டம்பரில் முதலமைச்சர் அதைச் சட்டப்பேரவையில் அறிவித்தார். 2025 ஜனவரியில் வெளியான இரும்பின் தொன்மை குறித்த அறிக்கை, சிவகளையில் இன்னொரு மாதிரியின் காலம் கி.மு. 3345 வரை போவதைக் காட்டியது. மனம் துள்ளும் எண்கள் இவை, துள்ளட்டும். ஆனால் ஆய்வகம் அளப்பது எதை? ஒரு நெல்மணியோ மரத்துண்டோ உயிர்ப்பை நிறுத்திய காலத்தை. அதே தாழியில் இருந்த மட்கலமும் இரும்பும் அதே காலத்தவை என்பது அடுத்த படி. அந்த ஊரில் அந்தக் காலத்தில் இரும்பு உருக்கினார்கள் என்பது அதற்கும் அடுத்த படி. முதல் படிக்கு 'வாஸ் ஃபவுண்ட் டு டேட்' பொருந்தும், இரண்டாவதற்கு 'இஸ் டேக்கன் டு பி', மூன்றாவதற்கு 'அப்பியர்ஸ் டு'. மூன்று படிகளையும் ஒரே 'நிரூபணமானது' என்ற சொல்லால் மூடுவது முன்னோருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. எதிர்க்கேள்வி வரும்போது மூன்றும் சேர்ந்து சரியும். படிகளைப் பிரித்து வைத்தால், மேல்படி ஆடினாலும் கீழ்ப்படி நிற்கும்.

தமிழில் இந்த அளவுகோல் இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. 'போலும்' என்ற சொல் உவமை இல்லாத இடத்திலும் வரும் என்று தொல்காப்பியரே விதி செய்திருக்கிறார். முன்னோர் கூற்று எது, தன் கூற்று எது என்று பிரித்துக் காட்டும் பழக்கமும் அவரிடம் உண்டு. 'எனத் தெரிகிறது', 'எனக் கருதலாம்', 'இருக்கக்கூடும்', 'என்பர்' என்று இன்றைய உரைநடையில் படிப்படியான சொற்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் 'கருதப்படுகிறது' என்று ஒரே முத்திரையைக் குத்தும் மொழிபெயர்ப்புச் சோம்பலை விட்டால் போதும்.

காலத்தையும் 'டு' தாங்கும். 'த பீப்பிள் ஆர் பிலீவ்டு டு பி ட்ரேடர்ஸ்' என்றால் அவர்கள் இன்று வணிகர். 'டு ஹேவ் பீன் ட்ரேடர்ஸ்' என்றால் அன்று வணிகராக இருந்தவர்கள். கருதுவது இன்று, கருதப்பட்ட செயல் அன்று. இரண்டு காலங்களையும் ஒரே வாக்கியத்தில் நிறுத்த 'ஹேவ்' என்ற ஒரு சொல் போதுமானதாக இருக்கிறது. தொல்லியல் அறிக்கையில் இது பக்கத்துக்குப் பக்கம் வரும். 'வணிகம் செய்திருக்கக்கூடும்' என்ற தமிழில் 'இரு' அந்த வேலையைச் செய்கிறது என்று காட்டிவிட்டால், மாணவர் அந்த இடத்தில் பிறகு தடுமாறுவதில்லை.

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் ஆய்வேடு எழுதும் மாணவருக்கும் இது பயன்படும். கட்டுரையின் எந்தப் பகுதியில் 'டு' நிற்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். செய்முறைப் பகுதியில் வரும் 'டு' பெரும்பாலும் நோக்கம்: ஈரத்தைப் போக்கச் சூடாக்கினார்கள், உப்பை நீக்கக் கழுவினார்கள். முடிவுகள் பகுதியில் 'ஃபவுண்ட் டு' வரும். விவாதப் பகுதியில் 'அப்பியர்', 'சீம்', 'லைக்லி' வந்து குரலைத் தாழ்த்தும். முடிவுகளில் 'சீம்ஸ்' என்று எழுதினால் வழிகாட்டி ஆசிரியர் தரவு எங்கே என்று கேட்பார். விவாதத்தில் எல்லாவற்றையும் 'நோன் டு' என்று எழுதினால் மேற்கோள் எங்கே என்று கேட்பார்.

மறைந்திருக்கும் எதிர்மறைதான் மிகவும் ஏமாற்றும். 'த போன்ஸ் வேர் டூ ஃபிராஜைல் டு லிஃப்ட்' என்ற வாக்கியத்தில் 'நாட்' எங்கும் இல்லை. எலும்புகளைத் தூக்கவில்லை, தூக்க முடியாத அளவுக்கு நைந்திருந்தன என்பது பொருள். 'மிகவும் நைந்த எலும்புகளைத் தூக்கினார்கள்' என்று படித்துவிட்டால் நடந்ததற்கு நேர் எதிர். 'த சாம்பிள் ஃபெயில்டு டு யீல்ட் கொலாஜன்' என்பதில் மாதிரி எதையும் முயன்று தோற்கவில்லை. கொலாஜன் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கொலாஜன் இல்லாவிட்டால் எலும்பை வைத்துக் காலம் குறிப்பது கடினம் என்பதால், இந்த ஒரு வரி ஓர் அகழாய்வின் போக்கையே மாற்றிவிடக் கூடியது.

இந்தக் குடும்பத்தில் இன்னொன்று 'ரிமெயின்ஸ் டு பி'. பெயர்ச்சொல்லாக வந்தால் 'ரிமெயின்ஸ்' என்பது எலும்பும் ஓடுமாகக் கிடைக்கும் எச்சங்கள். வினையாக வந்தால் எஞ்சியிருக்கிறது என்று பொருள். 'மச் ஆஃப் த மவுண்ட் ரிமெயின்ஸ் டு பி எக்ஸ்கவேட்டட்' என்று எழுதியிருந்தால், பரம்பின் பெரும்பகுதியில் இன்னும் மண்வெட்டி படவில்லை என்று படிக்க வேண்டும். 114 ஏக்கரில் இதுவரை குழி போட்ட இடங்களைக் கூட்டிப் பார்த்தால், அந்த வாக்கியம் 'பிலீவ்டு டு' தேவைப்படாமலே நிற்கிறது.