தோட்டத்திலிருந்து தொழிற்பேட்டைக்கு: தாய்மாரின் உழைப்பும் குடும்ப அளவும்



ஜொகூர் மாநிலத்தில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. முதலாம் ஆண்டுப் பதிவு குறையுந்தோறும், நம் பெண்கள் படித்து வேலைக்குப் போனதால்தான் பிள்ளைகள் குறைந்தனர் என்னும் பேச்சு எழுகிறது. அதில் பாதியே உண்மை என்பது எம் கருத்து.

பெண்கள் வேலைக்குப் போனது நேற்றா? குளுவாங், லாபிஸ், சிகாமட் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டிமார் விடியுமுன்னரே பெரட்டுக்கு நின்றவர்கள், பால்மரம் வெட்டியவர்கள். அவர்களுள் பலர் ஐந்தாறு பிள்ளைகளை வளர்த்தனர். கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில் இருந்தது. வெட்டு வேலை பிற்பகலுக்குள் முடிந்தது. லயத்தில் மாமியாரோ அண்டை வீட்டாரோ துணையிருந்தனர். சற்று வளர்ந்த பிள்ளை மங்கு துடைத்து, பாலெடுத்து உதவியது. பிள்ளையால் வரவும் உண்டு. பலருடைய படிப்பு அந்த நிரையிலேயே நின்றுபோனதால், அக்காலத்தைப் பொற்காலமென்று பாட நமக்கு மனமில்லை.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின. குடும்பங்கள் பாசிர் கூடாங், ஸ்கூடாய், சினாய்ப் பக்கம் பெயர்ந்தன. தொழிற்சாலையில் இரவு ஷிப்டு உண்டு, குழந்தைக்கு இடமில்லை. பாட்டியோ பழைய ஊரிலேயே தங்கிவிட்டார். சிங்கப்பூருக்குச் சென்று வருவோர் இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்புகின்றனர். சம்பளம் கூடியது மெய்தான். குழந்தைக் காப்பகமும் வீட்டுத் தவணையும் பள்ளிப் பேருந்தும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

கல்வியின் பங்கு வேறு. ஐந்தாம் படிவத்துக்கு மேலும் படிக்கும் பெண்ணுக்குத் திருமண வயது தள்ளிப்போகிறது. பிள்ளை பெறும் ஆண்டுகள் சுருங்குகின்றன. எத்தனை பிள்ளை என்பதைக் கணவனோடு பேசித் தீர்மானிக்கும் துணிவும் வருகிறது. இதை இழப்பென்று எவரும் சொல்லலாகாது.

1970இல் மலேசியப் பெண் ஒருவருக்குச் சராசரியாக 4.9 குழந்தைகள், 2022இல் 1.6. இந்தியரிடையே அதனினும் குறைவு. 1966இல் குடும்பத் திட்ட வாரியம் அமைத்த அரசே 1984இல் 7 கோடி மக்கள்தொகையை இலக்காக வகுத்தது. அவ்விலக்கு பிறப்பு விகிதத்தின் சரிவை நிறுத்தவில்லை.

ஆகவே, எத்தனை பெற்றாய் என்று ஒரு தாயைக் கேட்பதினும், எத்தனை பெற விரும்பினாய், எது தடுத்தது என்று கேட்பதே ஆய்வுக்கு உரியது. 2023 சனவரி முதல் தனியார் துறையிலும் மகப்பேற்று விடுப்பு 98 நாள். 99ஆம் நாள் காலையில், பாசிர் கூடாங் அடுக்குமாடி வீட்டுத் தாய் குழந்தையை யாரிடம் ஒப்படைத்துவிட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுகிறாள்? மாணவர்களே, உங்கள் பள்ளி வட்டாரத்தில் ஆயாக்கொட்டகைக்கு ஈடாக இன்று என்ன இருக்கிறதென்று கணக்கெடுத்து வாருங்கள்.