கறவை மாட்டின் தீவனமும் நம் வீட்டு வருவாயும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் மாட்டுத் தீவனம் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். கடன் பெற்று வாங்கிய பசு ஆறே மாதத்தில் பால் வற்றி நிற்க, வங்கித் தவணை மட்டும் மாதந்தோறும் வந்து நிற்கும் வீடுகள் நம் தெருக்களில் எத்தனை என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். அந்தத் தவணைக்காகப் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளையும் நாம் அறிவோம். ஆகையால் இதுவும் கல்விச் சங்கத்தின் பொருளேயாகும்.

தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்தவர்கள் நாம். பண்ணையாளாக இருந்து பிறர் மாட்டைக் காத்தோம். வாரத்திற்கு வாங்கி வளர்த்துக் கன்றில் பங்கு பெற்றோம். மாட்டின் குணமும் நோவும் நமக்குத் தெரியும். ஆனால் அதற்குரிய தீவனம் நிலமுடையவரின் வைக்கோற்போரிலிருந்தே வந்தது. பின்னர் 1978-79 இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தின்கீழ் மானியத்தோடு கறவை மாடு வந்தது. 2011 இல் தமிழக அரசின் விலையில்லா ஆடு மாடு வழங்கும் திட்டம் வந்தது. மாடு நம் பெயருக்கு வந்ததே ஒழிய வைக்கோற்போர் வரவில்லை. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் 1891 ஆம் ஆண்டு அறிக்கையை அடுத்து, 1892 இல் நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போன கதையை இம்மன்றம் நன்கறியும். புறம்போக்கு மேய்ச்சல் நிலமும் சுருங்கிற்று. இன்று அறுவடை இயந்திரத்தின் பின்னே வைக்கோல் கட்டுகளாகச் சுருட்டப்பட்டுக் கேரளம் வரை லாரியில் போகிறது. அறுவடைக்குச் சென்றவர் ஒரு சுமை வைக்கோல் கொண்டுவந்த வழக்கமும் அற்றுப்போயிற்று. எனவே, காசு கொடுத்து வாங்கும் ஒவ்வொரு பிடியையும் அறிந்து போடவேண்டிய நிலையில் இருக்கிறோம். பால் உற்பத்திச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தீவனத்திற்கே ஆகிறது.

பசுவின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. அவற்றுள் முதல் அறையாகிய பெருவயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு புளிக்கும் பானை. அதனுள் வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே வைக்கோலின் நாரைச் சிதைத்து மாட்டிற்கு உணவாக்குகின்றன. நாம் மாட்டிற்குத் தீனி போடுவதாக எண்ணுகிறோம். உண்மையில் முதலில் உண்பவை அந்த நுண்ணுயிர்களே. அவை பெருகுவதற்குப் புரதச்சத்து வேண்டும். நெல் வைக்கோலிலோ அது நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் உண்டு. வெறும் வைக்கோல் தின்னும் பசு வயிறு நிறைந்தும் பட்டினி கிடக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

இதற்கு மாற்று மூன்று. முதலாவது பசுந்தழை. நிலமில்லாதவர்க்குப் பசுந்தீவனம் ஏது என்று கேட்பீர்கள். வேலியோரத்தில் அகத்தி, கிளுவை, கல்யாண முருங்கை வளர்க்க ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டுவதில்லை. குளியலறை நீர் ஓடும் இடத்தில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லின் கரணை பத்து நட்டால், அறுக்க அறுக்கத் துளிர்க்கும். சூபாபுல் தழையும் நல்லதே. ஆயினும் அதில் ஒரு நஞ்சுப் பொருள் இருப்பதால் மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் போகலாகாது. கடலைக்கொடியையும் உளுந்துக் கொடியையும் களத்திலேயே எரிக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. கூலிக்குச் செல்பவர் அதைக் கேட்டுப் பெற்றுக் காயவைத்தல் நன்று. வைக்கோலைவிட அது மேலானது.

இரண்டாவது, வைக்கோலையே செறிவாக்குதல். நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை 65 லிட்டர் நீரில் முற்றும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, நன்றாக மிதித்து, காற்றுப் புகாமல் பாலித்தீன் தாளால் மூடி 21 நாள் வைக்கவேண்டும். பிறகு வேண்டிய அளவை எடுத்து, நெடி போகச் சிறிது நேரம் உலர்த்திப் போடலாம். புரதச்சத்து ஏறத்தாழ இரு மடங்காகும், நாரும் இளகும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். யூரியா உரம், கைபோன போக்கில் போட்டால் மாடு சாகும். கரைத்த நீரை மாடு குடிக்கும்படி வைக்கக்கூடாது. ஆறு மாதத்திற்கு உட்பட்ட கன்றுக்கு இவ்வைக்கோல் ஆகாது.

மூன்றாவது அடர்தீவனம். மக்காச்சோளம், கம்பு போன்ற தானியம் ஒரு பங்கு, பிண்ணாக்கு ஒரு பங்கு, தவிடு ஒரு பங்கு எனக் கலந்து, நூறு கிலோவுக்குத் தாது உப்புக் கலவை இரண்டு கிலோவும் சாதாரண உப்பு ஒரு கிலோவும் சேர்த்தால் வீட்டிலேயே ஆயிற்று. உடலைக் காக்க ஒரு கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்பது கணக்கு. முந்நூறு கிலோ எடையுள்ள பசு ஆறு லிட்டர் கறக்குமானால், பசுந்தீவனம் பதினைந்து கிலோ, வைக்கோல் மூன்று கிலோ, அடர்தீவனம் மூன்றரைக் கிலோ போதும். பசுந்தீவனத்தில் ஐந்து கிலோவாவது அகத்தி, வேலிமசால் போன்ற பயறுவகைத் தழையாக இருத்தல் வேண்டும். பால் வற்றிய பசுவுக்கு இத்தனை அடர்தீவனம் வீண். ஆயினும் சினைக்காலத்தின் கடைசி இரு மாதங்களில் தீனியைக் குறைப்பவர், பிறக்கும் கன்றிலும் வரும் ஈற்றின் பாலிலும் கையை வைக்கிறார்.

மாடு துணியையும் செருப்பையும் கடித்தால் குறும்பு என்று அடிக்கிறோம். பெரும்பாலும் அது மணிச்சத்துக் குறைவின் அடையாளம். நாளொன்றுக்கு ஐம்பது கிராம் தாது உப்பு அதற்கு மருந்து.

திருமண வீட்டில் மிஞ்சிய சோற்றைப் பாசத்தோடு அண்டா நிறையக் கொட்டுவது நம்மிடையே உண்டு. சோறு பெருவயிற்றில் விரைந்து புளித்து அமிலமாகிறது, நுண்ணுயிர்கள் மடிகின்றன, விருந்துண்ட பசு மறுநாள் எழுவதில்லை. வாடிய இளஞ்சோளப் பயிரும் அவ்வாறே கொல்லும். பூப்பதற்கு முன் அதில் நஞ்சு மிகுதி. சீமைக்கருவேல நெற்றில் இனிப்பும் சத்தும் உண்டு. முழுதாய்ப் போட்டால் விதை சாணத்தோடு வெளியேறி மேலும் முள்ளைப் பரப்பும். ஆகையால் காயவைத்து இடித்துத் தீவனத்தில் சிறிதளவு கலத்தல் நலம்.

தண்ணீரை மறந்துவிடுகிறோம். பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு நீர். கறவைப் பசு கோடையில் நாளொன்றுக்கு அறுபது லிட்டருக்கு மேலும் குடிக்கும். ஊருக்குள் இரு வேளையும் நீர் வர, நம் தெருக் குழாயில் ஒரு வேளை சொட்டும் இடங்கள் இன்றும் உள. குடிநீருக்காக நாம் எழுதும் மனுவில் மாட்டின் பங்கையும் கணக்கிட்டு எழுதுங்கள், இளைஞர்களே! அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

கன்று பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டவேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பது தவறு. நோய் எதிர்க்கும் ஆற்றல் அந்தச் சீம்பாலில்தான் இருக்கிறது. நேரம் ஆக ஆகக் கன்றின் குடல் அதை ஏற்கும் திறனை இழக்கிறது. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு முதல் நாளே செல்லட்டும்.

1989 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாவட்டங்களில் பயிற்சி மையங்களை நடத்துகிறது. படித்த நம் இளைஞர்கள் அங்கே சென்று கேட்கத் தயங்குகிறார்கள். சாணம் அள்ளும் தொழிலா படிப்புக்குப் பின் என்று. பிறருடைய தொழுவத்தில் கூலியின்றிச் சாணம் அள்ளியது ஒரு காலம். தன் தொழுவத்தில், தன் கணக்கேட்டோடு, தன் பால் பணத்தை எண்ணி வாங்குவது வேறு. கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றும்போது கொழுப்பு அளவு எழுதிய சீட்டைக் கேட்டு வாங்குங்கள். தீவனச் செலவை அதன் அருகிலேயே எழுதி வாருங்கள்.

நாளைக் காலை எட்டு மணிக்கு இம்மன்றத்தின் பின்புறம் வைக்கோல் செறிவாக்கும் முறையைச் செய்து காட்டுகிறோம். யூரியாவும் பாலித்தீன் தாளும் சங்கம் தருகிறது. வீட்டிற்கு ஒரு கட்டு வைக்கோல் மட்டும் கொண்டுவாருங்கள். மாட்டைப் பார்ப்பவர் தாய்மார்களாதலால் அவர்களும் தவறாது வருக.