வீடு நமதென்பதற்குச் சான்று
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையும் நாடகமும் நிறைந்த விழாவில் பத்திரங்களைப் பற்றிப் பேச முற்படுவது சற்றே சுவையற்ற காரியமாகத் தோன்றலாம். ஆயினும், சர்க்கார் குவார்ட்டர்ஸில் முப்பது ஆண்டு வாழ்ந்து, ஓய்வு பெறும் தறுவாயில் சேமநிதி முழுவதையும் கொடுத்துத் தில்லியிலேயே ஒரு வீட்டை வாங்கி அமர எண்ணும் குடும்பங்கள் நம்முள் பல. அப்பணம் இரண்டாம் முறை வாராது. ஆகவே அன்பர்கள் சிறிது பொறுத்தருள வேண்டுகிறோம்.

நம் ஊரில் வீடு வாங்குவோர், மூலப் பத்திரம் எங்கே, பட்டா யார் பெயரில், வில்லங்கம் உண்டா என்று கேளாமல் முன்பணம் தருவதில்லை. இங்கு வந்ததும் அவ்வழக்கம் எப்படியோ நம்மை விட்டு நீங்கிவிடுகிறது. பட்டா என்ற சொல்லே இங்கு வேறு பொருள் தருகிறது. நமக்கு அது நில உரிமைக்கு அடையாளம். இந்திக்காரருக்கோ அது குத்தகைச் சாசனம். தில்லி வீடுகளின் சிக்கல் பெரும்பாலும் இந்தக் குத்தகையிலேதான் தொடங்குகிறது.

1957-இல் தோன்றிய தில்லி வளர்ச்சி ஆணையமும், மத்திய சர்க்காரின் நில அலுவலகமும் மனைகளையும் வீடுகளையும் பெரும்பாலும் நிரந்தரக் குத்தகையாகவே வழங்கி வந்தன. குத்தகைதாரர் விற்க விரும்பினால் அனுமதி பெறவேண்டும். நில விலை உயர்ந்ததில் ஒரு பங்கையும் சர்க்காருக்குச் செலுத்தவேண்டும். இதையும் முத்திரைத் தீர்வையையும் தப்ப ஒரு குறுக்குவழி பிறந்தது. கிரய சாசனம் எழுதாமல், விற்பனை ஒப்பந்தம், பொது அதிகாரம் அளிக்கும் பவர் பத்திரம், ஓர் உயில், பணம் பெற்ற ரசீது ஆகியவற்றைக் கட்டாகக் கட்டிக் கொடுத்துவிடுவர். சாவியும் கிடைத்துவிடும். வாங்கியவர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக் குடியேறிவிடுவார்.

இந்தக் கட்டை அவிழ்த்துப் பார்ப்போம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின்படி, விற்பனை ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எவ்வித உரிமையையும் உண்டாக்குவதில்லை. பவர் பத்திரம் ஒருவருக்காக மற்றொருவர் செயலாற்றத் தரும் அனுமதியே. பொதுவாக, கொடுத்தவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். உயிலோ எழுதியவர் உயிரோடிருக்கும்வரை மாற்றத்தக்கது. கடைசியாக எழுதிய உயிலே செல்லும். விற்றவர் மறுநாளே வேறோர் உயில் எழுதினால் நம் கையிலுள்ளது காகிதம்தான்! 2011 அக்டோபர் 11-இல் உச்சநீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகக் கூறிற்று: இவ்வகைக் காகிதங்களால் சொத்துரிமை மாறாது, பதிவு செய்த கிரய சாசனத்தாலேயே மாறும். அதற்கு முன் நேர்மையாக வாங்கியவர்கள் அக்காகிதங்களைக் கொண்டே முறையான சாசனம் பெற முயலலாம் என்றும் அத்தீர்ப்பு இடமளித்தது. மகனுக்கோ மனைவிக்கோ உண்மையாகவே காரியம் பார்க்கக் கொடுக்கும் பவர் பத்திரத்துக்கு அதனால் பழுதில்லை.

இது ஏட்டுச் சட்டமன்று. கணவர் காலமானபின் வீட்டை விற்று மகள் வீட்டருகே போக நினைக்கும் ஒரு தாயாரை எண்ணிப் பாருங்கள். வீடு கைமாறியது மூன்று முறை. மூன்றும் பவர் பத்திரத்தால். முதல் ஒதுக்கீட்டாளர் இறந்து, அவர் மக்கள் எங்கோ இருக்கின்றனர். வாங்க வருபவரின் வங்கி கடன் தர மறுக்கிறது. இருபது ஆண்டு வீட்டு வரி கட்டிய ரசீதுகளை அந்த அம்மையார் அடுக்கிக் காட்டுகிறார். வரி ரசீதும், மாநகராட்சிப் பதிவேட்டில் பெயர் மாற்றமும் வரி வசூலுக்காக ஏற்பட்டவை. உரிமைக்கு அவை சான்றாகா. இதைச் சொல்ல நமக்கு நா எழவில்லை.

இதற்குப் பரிகாரம் உண்டு. குத்தகையை முழு உரிமையாக மாற்றும் திட்டம் 1992 முதல் நடைமுறைக்கு வந்தது. பவர் பத்திரத்தால் பெற்றவர்களும், வரிசையான காகிதங்களைக் காட்டி, மாற்றுக் கட்டணத்துடன் அதில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் செலுத்தி, உரிமை மாற்றச் சாசனம் பெற அது வழிவகுத்தது. ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் வேலை நின்றுவிடும். ஆகவே வாங்குவோர், உரிமை மாற்றம் முடிந்த வீடா என்பதையே முதற்கேள்வியாகக் கேட்பது நலம்.

அங்கீகாரமற்ற காலனிகளின் நிலை வேறு. அத்தகைய 1,731 குடியிருப்புகளில் வாழ்வோருக்குப் பவர் பத்திரக் கட்டையே அடிப்படையாகக் கொண்டு உரிமை வழங்க, 2019 டிசம்பரில் பாராளுமன்றம் தனிச் சட்டம் செய்தது. அச்சலுகை அவ்விடங்களுக்கு மட்டுமே. தரகர்கள் அதை எல்லா வீட்டுக்கும் நீட்டிப் பேசுவதைச் செவியுற்றிருக்கிறோம்.

மற்றொரு கண்ணி வங்கி. மூலப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்துக் கடன் பெறும் அடமானத்துக்குப் பதிவு கட்டாயமன்று. எனவே சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடினாலும் அது அகப்படாமற் போகலாம். விற்பவர் நகலை நீட்டி, அசல் ஊரில் இருக்கிறது என்பாராயின் அங்கேயே நின்றுவிடுங்கள். வங்கி அடமானங்களைப் பதியவென 2011-இல் ஏற்பட்ட செர்சாய் என்னும் மத்தியப் பதிவகத்தில் சிறு கட்டணம் செலுத்தி எவரும் தேடலாம். கூட்டுறவுச் சங்க வீடாயின் பாக்கியில்லாச் சான்றும் வேண்டும்.

சாசனத்தில் கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்கவேண்டும். விலை ஐம்பது லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஆனால், வாங்குபவரே ஒரு சதவீதத்தைப் பிடித்து வருமான வரியாகச் செலுத்தும் பொறுப்பு 2013 முதல் உண்டு. விற்பவர் அயல்நாட்டில் குடியிருப்பவரானால் பிடித்தம் இன்னும் மிகுதி. அப்போது கணக்காயரைக் கலந்துகொள்ளாமல் பணம் தரலாகாது. தில்லியில் பெண்கள் பெயரில் வாங்கினால் முத்திரைத் தீர்வை குறைவு. இச்செய்தியைத் தாய்மார்கள் இன்றிரவே வீட்டில் எடுத்துரைப்பார்கள் என்று நம்புகிறோம்.