நிற்கவைக்கப்பட்டவர்கள்

(சென்னையில் கடை ஊழியர்களும் அவர்களது குடும்பத்தாரும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

 

எனக்கு மேடைப் பேச்சு வராது. பன்னெண்டு வருஷமா ஜவுளிக்கடையில் பேசிப் பழகிய பேச்சுதான். "வாங்கம்மா, பட்டா காட்டனா, எவ்வளவுல பாக்கறீங்க" – இதுக்கு மேல் பேச அங்கே நமக்கு அனுமதி இல்லை. அதனால் இங்கே கொஞ்சம் கூடுதலாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேசுவதற்கு முன்னால் ஒன்று. பின்வரிசையில் நாற்காலி காலியாக இருக்கிறது. சுவர் ஓரம் நிற்கிற தங்கச்சிங்க வந்து உட்காருங்கள். உட்காருங்கள் என்று சொன்ன பிறகும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்கிறீர்கள் பாருங்கள், அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் விழுப்புரம் பக்கம், காலனி. பதினெட்டு வயசில் துணிக்கடை வேலைக்கு என்று மெட்ராஸ் வந்தேன். முதல் ஆறு வருஷம் கடை ஹாஸ்டல். கல்யாணத்துக்குப் பிறகு கண்ணகி நகர். என் வீட்டுக்காரர் குடும்பம் ஊருக்கு நடுவில் கால்வாய் ஓரம் குடியிருந்தது. "ஆக்கிரமிப்பு" என்று சொல்லி அவர்களைத் தூக்கிக்கொண்டு போய் பழைய மாமல்லபுரம் சாலையில் போட்டார்கள். ஆளைத்தான் மாற்றினார்கள், வேலையை மாற்றவில்லை. அதனால் தினமும் இருபது கிலோமீட்டர் போல பஸ்ஸில் தியாகராய நகர் வருகிறேன். பஸ்ஸிலும் நின்றுகொண்டுதான்.

காலையில் அஞ்சு மணிக்கு எழுந்தால் தண்ணி, சோறு, மகளுக்குச் சடை. எட்டு மணிக்குப் பஸ். ஒன்பதரைக்குக் கைரேகை வைக்கணும். அஞ்சு நிமிஷம் தாமதம் என்றால் ஃபைன். ராத்திரி ஒன்பதரைக்குக் கடை மூடுவார்கள். மூடின பிறகு, கஸ்டமர் பிரித்துப் போட்ட புடவையை எல்லாம் மடிச்சு அடுக்கணும். ஒரு புடவை வாங்க நாற்பது புடவை பிரிக்கச் சொல்கிற ஊர் இது. வீட்டுக்குப் போகப் பதினொன்று. மகள் தூங்கியிருப்பாள். ஒரு நாளில் அவள் முழித்திருந்து என்னைப் பார்ப்பது காலையில் ரெண்டு மணி நேரம்தான், அதிலும் பாதி நேரம் நான் அவளைத் திட்டிக்கொண்டு இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை உலகத்துக்கு லீவு, நமக்கு வியாபாரம். எனக்கு வார லீவு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு மகள் ஸ்கூலில் இருப்பாள், வீட்டுக்காரர் லோடு ஆட்டோவில் இருப்பார். நான் ஒண்டியா உட்கார்ந்து துணி துவைப்பேன். ஆடியிலும் தீபாவளியிலும் அந்தச் செவ்வாயும் கிடையாது. ஊரே நம்மிடம்தான் தீபாவளித் துணி எடுக்குது. நம் புள்ளைக்கு எப்போ எடுக்கிறோம்? தீபாவளிக்கு முந்தின ராத்திரி, கடை மூடின பிறகு, எல்லாரும் பார்த்துக் கழித்ததில் ஒன்று. இதைக் கேட்டு நிறைய பேர் தலையாட்டுகிறீர்கள். எல்லா வீட்டுக் கதையும் இதுதான்.

சரி, கால் விஷயத்துக்கு வருகிறேன். பன்னெண்டு மணி நேரம் நிற்கிற காலுக்கு என்ன ஆகும்? கெண்டைக்கால் நரம்பு நீலமா முறுக்கிக்கொண்டு மேலே வருது. நரம்புச் சுருட்டல். இந்தக் கூட்டத்தில் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொன்னால் பாதிப் பேருக்கு அது இருக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னாங்க: "அப்பப்போ ஒக்காரும்மா, ராத்திரி காலைத் தலையணை மேல வெச்சுப் படு." மருந்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. உட்காருவதற்கு யார் சீட்டு எழுதித் தருவது?

ஏன் உட்காரக் கூடாது? கஸ்டமர் இல்லாத மத்தியானம் மூணு மணிக்கு உட்கார்ந்தால் முதலாளிக்கு என்ன நஷ்டம்? ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை. ஆனால் விட மாட்டார்கள். சூப்பர்வைசர் சொல்கிற காரணம் ஒன்றே ஒன்று: "கஸ்டமர் வர்றப்ப நீ ஒக்காந்திருந்தா மரியாதையா இருக்குமா?"

மரியாதை. இந்தச் சொல்லை நான் கடையில் முதல்முறையாகக் கேட்கவில்லை. எங்கம்மா நடவுக்கூலி வாங்க ஊர்த்தெருவுக்குப் போவாள். திண்ணை இருக்கும். அது நம்ம ஆள் உட்காருவதற்கு அல்ல. வாசலுக்கு வெளியே, முந்தானையை இடுப்பில் செருகி, நின்றபடி காத்திருப்பாள். எங்க ஆயா கதை இன்னும் மோசம். டீக்கடை பெஞ்சிலும் அதே கதை, கோயில் திருவிழாவிலும் அதே கதை. நம்மை அடித்துத்தான் ஒடுக்கினார்கள் என்று நினைக்காதீர்கள். நிற்கவைத்தும் ஒடுக்கினார்கள். யார் உட்காரணும், யார் நிற்கணும், யார் தரையில் உட்காரணும் என்று நம் உடம்புக்கே பாடம் சொல்லிக் கொடுத்தது சாதி. சொல்லாமலே சுவர் ஓரம் போய் நிற்கிறோமே, அது நம் சுபாவம் இல்லை தோழர்களே, அது பயிற்சி.

பாபாசாகேப் அம்பேத்கர் சின்னப் பையனாகப் பள்ளிக்கூடம் போனபோது உட்காருவதற்குக் கோணிப்பை கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்தக் கோணியை மறுபடி வீட்டுக்கே எடுத்துவர வேண்டியிருந்தது. அது பழைய கதை என்பார்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவராக ஜெயித்து வந்த தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படத்தை நாடே பார்த்தது. ஓட்டு வாங்கி வந்த தலைவருக்கே நாற்காலி இல்லை என்றால், 11,000 ரூபாய் சம்பளத்துக்கு நிற்கிற எனக்கு யார் முக்காலி போடுவார்?

"கடையில ஏதும்மா சாதி? எல்லாரும் ஒரே யூனிஃபார்ம் சேலைதானே கட்டுறீங்க" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நானும் கேட்கிறேன். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே, "விழுப்புரத்துல எந்த ஊரு? ஊரா, காலனியா?" என்று ஏன் விசாரிக்கிறார்கள்? கல்லாவில் உட்காருகிறவர் யார் சொந்தக்காரர்? கக்கூஸ் கழுவுகிற, தரை துடைக்கிற அக்காக்கள் மட்டும் எப்படி ஒட்டுமொத்தமாக நம் தெருக்காரர்களாகவே இருக்கிறார்கள்? நமக்காவது சாப்பிட மொட்டைமாடி உண்டு. அவர்கள் மாடிப்படிக்கு அடியில், துடைப்பத்துக்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள்.

துணிக்கும் தீட்டுக்கும் உள்ள உறவு புதுசு அல்ல. பம்பாய் மில்களில் நெசவுப் பிரிவில் நம் மக்களை விடவில்லை. அங்கே நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்கணும். தீண்டத்தகாதவன் வாய் பட்ட நாடாவை நான் தொடுவதா என்று கூட வேலை செய்கிற தொழிலாளியே மறுத்தான். நல்ல கூலி நெசவில்தான் இருந்தது. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத்தான் கேட்டார்: முதலாளியிடம் உரிமை கேட்கிற தொழிலாளி, பக்கத்துத் தொழிலாளியின் உரிமையை ஏன் மறுக்கிறான்? 1938இல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடம் பேசும்போது, உழைப்பவனுக்கு எதிரிகள் ரெண்டு பேர், ஒன்று பார்ப்பனியம், இன்னொன்று முதலாளித்துவம் என்றார். அவர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில்தான், 1946இல், தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி வாரத்துக்கு 54 மணி வேலையை 48 ஆக்கினார்கள். நேரமும் சாதியும் வேறு வேறு பிரச்சினை என்று அவர் நினைக்கவில்லை. நாமும் நினைக்க வேண்டாம்.

இனி நட்பைப் பற்றிச் சொல்லணும். என் செக்‌ஷனில் என்னோடு ஏழு வருஷம் நின்றவள் ஒருத்தி. ஆதிக்கச் சாதி வீட்டுப் பெண். ஆனால் வீட்டில் சோறு இல்லை, அதனால் கடைக்கு வந்தாள். ஹாஸ்டலில் எனக்கும் அவளுக்கும் ஒரே பாய். என் தலைக்கு அவள் எண்ணெய் வைப்பாள், அவள் காலுக்கு நான் தைலம் தேய்ப்பேன். அவளுக்குக் கல்யாணம் வந்தது. பத்திரிகை கொடுத்துவிட்டு, தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "எங்க பெரியப்பா கேட்டா எந்தத் தெருன்னு சொல்லிடாத புள்ள." நான் போகவில்லை. மொய்யையும் புடவையையும் டெலிவரி கவுண்டர் தம்பி கையில் கொடுத்து அனுப்பினேன்.

கல்யாணம் ஆகியும் அதே கடை, அதே நிற்பு. ஏழாவது மாசம் அவளுக்கு. தீபாவளி நேரம். கண்ணு இருட்டுது என்றாள். முகமெல்லாம் வேர்வை. சூப்பர்வைசரிடம் கேட்டால், "கூட்டத்தைப் பாரு, அப்புறம் ஒக்காரலாம்" என்கிறார். நான் கவுண்டருக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தேன். வாங்க வந்த ஒரு பெரியம்மா கூட, "ஒக்காரட்டும் விடுய்யா, வயித்துப்புள்ளக்காரி" என்று சத்தம் போட்டாங்க. அன்றைக்கு ரெண்டு பேருக்கும் அரை நாள் சம்பளம் வெட்டினார்கள். இவளை உட்கார வைத்ததற்கு எனக்கு, உட்கார்ந்ததற்கு அவளுக்கு.

புள்ள பிறந்து ஆறு மாசம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கண்ணகி நகர் வந்தாள். என் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. தட்டில் போட்டேன், சாப்பிட்டாள். பெரியப்பாவைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வலிக்கிற கால் ஒன்றுதான் என்பது உண்மை. ஆனால் கால் வலி தானாகவே சாதியை ஒழித்துவிடாது. ஒரே பாயில் ஆறு வருஷம் படுத்தும் ஒழியவில்லையே. யாராவது அட்டைப்பெட்டியை இழுத்துப் போடணும், இன்னொருத்தர் வீடு தேடி வரணும். சங்கத்தில் கையெழுத்து போட்டால் மட்டும் தோழர் ஆகிவிட முடியாது. இங்கே வந்திருக்கிற மற்ற சாதித் தோழர்களுக்கும் இதை உரிமையோடுதான் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்லுது? தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் வருஷத்துச் சட்டம். ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை. 4 மணி நேரம் வேலை செய்தால் 1 மணி நேரம் ஓய்வு. அதிக நேரம் வேலை வாங்கினால் ரெட்டைக் கூலி. வாரம் ஒரு நாள் லீவு. நான் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால் எழுதினது, என் சம்பளக் கவரில் இன்னும் வந்து சேரவில்லை.

உட்காருவதற்கும் இப்போது சட்டம் இருக்கிறது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்கிற தையல்காரத் தோழரும் 'பெண்கூட்டு' பெண்களும் முதலில் கழிப்பறைக்காகப் போராடினார்கள், பிறகு உட்காருவதற்காகப் போராடினார்கள். 2018இல் கேரளத்தில் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்கணும், வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விடணும் என்பது அதன் சாரம். 2019இல் கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்கலாம் என்று அனுமதி வந்ததே, அந்தச் செய்தி கடைக்கு மறுநாளே வந்துவிட்டது. 22-ஏ மட்டும் மாடிப்படி ஏற முடியாமல் கீழேயே நிற்கிறது, நம்மைப் போல.

எங்கள் கடையில் முக்காலி வந்தது உண்மை. ஒரு செக்‌ஷனுக்கு ரெண்டு. அதிகாரி வருகிற அன்றைக்கு வெளியே இருக்கும். மற்ற நாளில் அதன் மேல் பெட்டி அடுக்கியிருக்கும். யாராவது உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு மேலே இருந்து போன் வரும். சட்டப்படி முக்காலி இருக்கிறது, நடப்பில் நாம் நிற்கிறோம். அரசியல் சட்டத்தில் தீண்டாமை ஒழிக்கப்பட்டதாக 17ஆவது பிரிவு இருக்கிறதே, அந்த மாதிரி.

அதனால் மூணு காரியம் செய்யலாம் என்கிறேன். ஒன்று, தனியாக உட்காராதீர்கள். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் செக்‌ஷனே சேர்ந்து உட்காருங்கள். ஒருத்திக்கு ஃபைன் போடலாம், ஒரு மாடிக்கே போட முடியாது. ரெண்டாவது, எத்தனை மணிக்கு வந்தோம், எத்தனை மணிக்குப் போனோம், எவ்வளவு வெட்டினார்கள் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதுங்கள். தொழிலாளர் துறைக்கு மனு கொடுக்கும்போது நம் கண்ணீரைவிட அந்த நோட்டுக்குத்தான் மதிப்பு. மூணாவது, தரை துடைக்கிற அக்காவுக்கும் சேர்த்து முக்காலி கேளுங்கள். சேல்ஸ் பொண்ணுக்கு மட்டும் கேட்டால், பம்பாய் நெசவாளி செய்ததைத்தான் நாமும் செய்கிறோம்.

என் மகள் ஒரு நாள் கேட்டாள்: "அம்மா, உன் கடையில டீச்சர் பனிஷ்மென்ட் குடுத்தாங்களா, ஏன் எப்பவும் நிக்கிற?" பதில் சொல்லத் தெரியவில்லை. ஸ்கூலில் தப்பு செய்த புள்ளையைத்தான் நிற்க வைப்பார்கள். நாம் என்ன தப்பு செய்தோம்?

அடுத்த மாசக் கூட்டத்தை ஒரு செவ்வாய்க்கிழமை கண்ணகி நகரில் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வார லீவு வேறு நாளாக இருப்பவர்கள் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். வரும்போது நோட்டைக் கொண்டுவாருங்கள். சோறு எங்கள் தெருவில். எல்லாரும் ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிடலாம்.